இடது பக்கத்து எயார்பாக்

நான் வேலை செய்த கார்க் கொம்பனிக் கிளையில் இப்போது என் கதிரையில் இருப்பவர் நிரோஷினி. போன கிழமை தொலைபேசியில் கூப்பிட்டார்.

"ஐயா, றீகோல் எண்டு சனத்துக்கு மெசேஜ் அனுப்பிறம், கோல் எடுத்தும் சொல்லுறம். ஒருத்தரும் வருகினமில்லை. நீங்கள் வெறும் கடிதத்தை மட்டும் போட்டு எப்பிடி ஆக்களைக் கூப்பிட்டனீங்கள்? புதுசா வேலைக்கு வாற ஆக்களுக்குக் குடுக்க ஒருக்கா எழுதித் தாங்கோவன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓய்வு பெற்றவனிடம் யாராவது எதையாவது கேட்பதென்றால் அது காஸ் சிலிண்டர் எடுத்துவரச் சொல்லித்தான். என் அனுபவத்தைக் கேட்டு ஒருவர் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. எழுதித் தருகிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அந்தக் காலத்திலும் ஒருவரும் வரவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

றீகோல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக: காரைச் செய்த கொம்பனி, அதை விற்றுப் பல வருடம் கழித்து, 'நாங்கள் உள்ளே வைத்த சாமான் ஒன்று உங்களைக் கொல்லக்கூடும், தயவுசெய்து கொண்டு வாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம்' என்று மிகுந்த மரியாதையோடு எழுதுவது. எங்கள் விடயத்தில் அந்தச் சாமான் எயார்பாக். கார் மோதினால் ஒரு கணத்தில் ஊதி முகத்தைக் காப்பாற்ற வேண்டிய பை. அதை ஊத வைப்பதற்கென்று உள்ளே ஓர் உலோகக் குப்பி, குப்பிக்குள் வெடிமருந்து. வருடக்கணக்கில் வெக்கையும் ஈரமும் பட்டால் அந்த மருந்து பழுதாகும். அப்புறம் பை ஊதுவதற்குப் பதிலாகக் குப்பியே வெடித்து, தகரத் துண்டுகள் முகத்துக்கு வரும். பழைய காரென்றால் ஆபத்து கூட. வெக்கை, ஈரம், பழைய கார் ஆகிய மூன்றையும் ஒரே இடத்தில் சேர்த்துப் பார்க்க விரும்பிய கொம்பனி யாழ்ப்பாணத்தில் கிளை திறந்திருந்தது.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றி எழுத அதிகமில்லை. மெக்கானிக்காகச் சேர்ந்து பல வருடம் எண்ணெயில் குளித்தேன். பிறகு இடுப்பில் நாரி பிடித்துக்கொண்டது. குனிய முடியாதவனுக்குப் பதவி உயர்வு கொடுத்துக் கவுண்டரில் இருத்தினார்கள். றீகோல் தொடங்கியபோது கொழும்பில் மூன்று நாள் வகுப்பு வைத்தார்கள். முதல் நாள் வரவேற்பு, மூன்றாம் நாள் சான்றிதழும் போட்டோவும். நடு நாளில் படித்ததை வைத்துத்தான் மிச்சச் சேவைக் காலத்தை ஓட்டினேன்.

கடிதங்கள் பதிவுப் புத்தகத்தில் உள்ள பெயருக்குப் போயின. எங்கள் பக்கத்தில் கார் கை மாறும், பெயர் மாறாது. விற்பவர் வாங்குபவரின் பெயரை எழுதாமல் கையெழுத்தை மட்டும் வைத்துக் கொடுத்துவிடுவார். அதற்கு ஓபன் பேப்பர் என்று பெயர். ஒரு கார் நாலு வீட்டில் வாழ்ந்து, நாலு பேருடைய கல்யாணத்துக்கு ஓடி, கடதாசியில் மட்டும் முதல் ஆளுக்கே விசுவாசமாக இருக்கும். அரியாலையிலிருந்து ஓர் அம்மா நான் அனுப்பிய கடிதத்தைக் கையில் பிடித்தபடி வந்தார்.

"தம்பி, இவரை உடனே வரச்சொல்லி எழுதியிருக்கிறியள். இவர் மோசம் போய் மூண்டு வருசம். நான் இப்ப என்ன செய்ய?"

காரை அந்தக் காலஞ்சென்ற கணவரிடமிருந்து வாங்கியவர் யார், அவரிடமிருந்து வாங்கியவர் யார் என்று தேடிப் பிடிக்க எனக்கு மூன்று கிழமை எடுத்தது. சண்டிலிப்பாயில் புகையிலைத் தோட்டம் செய்யும் ஒரு பெரியவரிடம் கார் இருந்தது.

"சும்மாவோ மாத்தித் தாறியள்?" என்று கேட்டார்.

"ஓம் ஐயா, ஒரு சதமும் தரத் தேவையில்லை."

"அப்ப வேண்டாம். சும்மா தாறவன் என்னத்தைக் கழட்டி எடுக்கிறான் எண்டு எனக்குத் தெரியும்."

கடைசியில் ஒரு நிபந்தனையோடு வந்தார். பழைய சாமானைக் கையில் கொடுக்க வேண்டும். எங்கள் சனத்துக்கு மெக்கானிக் மாற்றிய பழைய சாமானை வீட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் மாற்றியதாகவே நம்பிக்கை வராது. எத்தனை வீட்டுப் பின்பக்கங்களில் பழைய பிளக்குகளும் பிரேக் கட்டைகளும் பத்திரமாகக் குவிந்து கிடக்கின்றன. ஆனால் இது வெடிக்கக்கூடிய சாமான், கொழும்புக்குத் திருப்பி அனுப்பியே ஆக வேண்டும். "அது குண்டு மாதிரி ஐயா" என்றேன். "இவ்வளவு நாளும் என்ரை மடிக்கு முன்னாலைதானே கிடந்தது, இப்ப மட்டும் என்ன?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. புதிய எயார்பாக் வந்த வெறும் கடதாசிப் பெட்டியைக் கொடுத்தேன். திருப்தியோடு போனார்.

இந்தக் கூத்துகளுக்கெல்லாம் மேலே, கண்ணாடி அறைக்குள், எங்கள் மனேஜர் நல்லதம்பி சேர் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து வளர்ந்த குடும்பம். சித்திரை வெயிலிலும் கழுத்துப்பட்டி கட்டுவார். குரல் உயர்த்தமாட்டார். திட்டுவதென்றால் 'தயவுசெய்து' என்று தொடங்குவார். அந்தச் சொல் காதில் விழுந்ததும் நாங்கள் அடுத்து வருவதை எதிர்பார்த்து எழுந்து நின்று சட்டைப் பொத்தானைப் பூட்டிக்கொள்வோம். சட்டைப் பையில் மூன்று பேனை: எழுத நீலம், திருத்தச் சிவப்பு, கையெழுத்துக்குக் கறுப்பு. 'கிட்டத்தட்ட' என்ற சொல்லை அவர் காதால் கேட்கவும் விரும்பமாட்டார். ஒரு தடவை 'கிட்டத்தட்ட முடிஞ்சுது சேர்' என்றேன். "முடிந்ததா, முடியவில்லையா, மிஸ்டர் கணேஷ்? மூன்றாவது நிலை ஒன்று படிவத்தில் இல்லையே" என்றார்.

படிவத்தில் உண்மையிலேயே இரண்டு கட்டங்கள்தான் இருந்தன. 'மாற்றப்பட்டது.' 'உரிமையாளர் மறுத்தார்.' மூன்று மொழியில், மூன்று தாளில். வெள்ளை கொழும்புக்கு, மஞ்சள் எங்கள் கோப்புக்கு, ரோசா நிறத் தாள் உரிமையாளருக்கு. மாற்றினாலும் மறுத்தாலும் கொழும்பில் அந்தக் கார் முடிந்த கணக்கில்தான் சேரும். ஆகவே ஓர் உயிரைக் காப்பாற்றினாலும் காப்பாற்றாவிட்டாலும் எங்களுக்கு ஒரே பாராட்டுக் கடிதம் வந்தது.

மரியதாசன் வந்தது அப்படியான ஒரு காலத்தில். குருநகர்க்காரர், சொந்தப் படகு உண்டு. பிளாஸ்டிக் போலத் தோன்றும் பைபர் படகுகளில் எங்கே வெடிப்பு விழுந்தாலும் றெசின் பசை ஊற்றி ஒட்டுவதில் அந்தக் கரையில் அவருக்கு நிகர் இல்லை என்று சொல்வார்கள். அவருடையது பின்பக்கம் நீண்ட வாகன் ரகக் கார். பின் சீற்றைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் ஐஸ் பெட்டிகள் வைத்திருந்தார். காலையில் அவரும் மனைவி ஸ்டெல்லாவும் பருத்தித்துறைச் சந்தைக்குப் போய் மீன் எடுத்துவந்து நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது தொழில். வெயில் மேலே, உருகும் ஐஸ் உள்ளே. அந்த எயார்பாக்கைப் பழுதாக்குவதற்கென்றே ஒருவர் திட்டம் போட்டிருந்தாலும் இதைவிட நன்றாகச் செய்திருக்க முடியாது.

ஸ்டியரிங்கில் உள்ள எயார்பாக்கை மாற்ற அரை மணித்தியாலம் போதும். மாற்றினோம். இடது பக்கத்துக்குப் போனபோது வேலை நின்றது. இடது இருக்கைக்கு நேர் முன்னால், டாஷ்போட்டில், எயார்பாக் மூடியின் நடுவில், ஒரு சாண் உயரத்தில் மாதா சொரூபம். மற்றவர்களும் சாமி வைப்பார்கள்தான். இரட்டைப் பக்கமும் ஒட்டும் ரேப்பில் நிற்கும் பிள்ளையாரை நான் எத்தனையோ தடவை மன்னிப்புக் கேட்டுக் கழற்றி, திரும்ப ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். மரியதாசன் ரேப்பை நம்பவில்லை. கண்ணாடி நார்ப் பாய் வைத்து, படகுக்கு ஊற்றுகிற றெசினை ஊற்றி, மூடியும் டாஷ்போட்டும் சேரும் விளிம்பு தெரியாமல் இழைத்திருந்தார். மிக நேர்த்தியான வேலை. அந்த ரகக் காரில் எயார்பாக்கை மூடியோடு சேர்த்து மேலே தூக்கித்தான் எடுக்க வேண்டும். மூடி அசைய வழியே இல்லை.

"அண்ணை, இதை வெட்டி எடுக்க வேணும்" என்றேன்.

"எதை?"

"மாதாவை."

அவர் கோபப்படவில்லை. என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மாதா ஏறின நாளிலையிருந்து இந்தக் காரிலை ஒரு கீறலும் இல்லை. நீங்கள் இப்பதான் உந்தப் பையைப் பற்றிக் கதைக்கிறியள். அவ அஞ்சு வருசமா வேலை செய்யிறா."

வேகமாக மோதினால் குப்பி வெடிக்கலாம், வெடிக்காவிட்டாலும் முன்னால் இருப்பவர் முகத்துக்கு முதலில் வருவது மாதாதான் என்று விளக்கினேன். மாற்றும்வரை அந்த இருக்கையில் யாரையும் ஏற்றவேண்டாம் என்றும் சொன்னேன். "அப்ப மனுசி எங்கை இருக்கிறது? ஐஸ் பெட்டிக்கு மேலையோ?" என்று கேட்டார். அவருடைய தேவாலயத்துப் பங்குச் சுவாமியாரிடமும் போனேன். "சொரூபத்தை எடுக்கிறதிலை பாவம் ஒண்டும் இல்லை" என்றார் சுவாமியார். எனக்கு உயிர் வந்தது. "ஆனால் நான் சொன்னதெண்டு மரியதாசனிட்டைச் சொல்லிப் போடாதேயுங்கோ. திருநாளுக்கு மாதா வாற படகுக்கு றெசின் போடுறவர் அவர்தான்."

நல்லதம்பி சேரிடம் கோப்பைக் கொண்டுபோனேன். பாதி மாற்றியது, பாதி மாற்றாதது. அவருக்கு அது பல்லில் சிக்கிய இறைச்சி. "தயவுசெய்து, மிஸ்டர் கணேஷ், இடது பக்கத்துக்கு மறுப்புப் படிவம் ஒன்று வாங்கிவிடுங்கள். கோப்பை மூடலாம்."

வாங்கினேன். சும்மா சொல்லக்கூடாது, என் முழுத் திறமையையும் காட்டி வாங்கினேன். 'இது வெறும் நடைமுறை அண்ணை, இஞ்சை ஒரு கையெழுத்து' என்று இனிக்க இனிக்கச் சொல்லி, வாசிக்க நேரம் கொடுக்காமல் பேனையை நீட்டினேன். மரியதாசன் கையெழுத்து வைத்து, ரோசாத் தாளை நாலாக மடித்து டாஷ்போட் லாச்சிக்குள் போட்டார். எங்கள் சுவரில் இருந்த அட்டவணையில் அந்தக் காருக்கு நேரே நல்லதம்பி சேர் சிவப்புப் பேனையால் ஒரு சரி போட்டார்.

நாலு மாதம் கழித்து, ஒரு காலை பத்து மணி இருக்கும், ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுக அந்தக் கார் எங்கள் வாசலில் வந்து நின்றது. முதலில் இறங்கியது ஸ்டெல்லா. எலும்பும் தோலுமான, உயரமான பெண். கையில் ரோசாத் தாள். வல்லைப் பக்கம் பொலிஸ் மறித்து இன்சூரன்ஸ் பத்திரம் கேட்டிருக்கிறார்கள். லாச்சியைத் திறந்து தேடியவரின் கையில் இதுதான் வந்தது. பொலிஸ்காரர் இன்சூரன்ஸைப் பார்த்து முடிப்பதற்குள் இவர் படிவத்தைத் தமிழில் முழுதாக வாசித்துவிட்டார். எனக்குத் தெரிந்து அந்தப் படிவத்தை வாசித்த ஒரே ஆள் அவர்தான்.

"ஆர் கணேஷ் எண்டுறது?"

சொன்னேன்.

"'முன் இடது இருக்கையில் இருப்பவருக்கு மரணம் அல்லது பாரிய காயம் ஏற்படலாம் என்பதை அறிந்தும் மறுக்கிறேன்.'" அச்சில் இருந்ததை அப்படியே உரக்க வாசித்தார். "அந்த இருப்பவர் நான்தானே?"

அவருக்குப் பின்னால் மரியதாசன் வந்து நின்றார். "ஸ்டெல்லா, நான் மாதாவை நம்பித்தான்..." என்று தொடங்கினார்.

"நம்பினா உங்கடை பக்கத்தையும் மாத்தாமல் விட்டிருக்கலாமே? உங்கடை பக்கத்துக்குக் கொம்பனி, என்ரை பக்கத்துக்கு மட்டும் மாதாவோ?"

கவுண்டரில் நின்ற மற்ற வாடிக்கையாளர்கள் சுவரில் ஒட்டியிருந்த டயர் விளம்பரத்தை ஆர்வமாக வாசிக்கத் தொடங்கினார்கள். நான் ஸ்டெல்லாவையும் மரியதாசனையும் கண்ணாடி அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன், என் வில்லங்கத்தை மேலே தள்ளிவிடும் நல்ல நோக்கத்தோடு.

நல்லதம்பி சேர் எழுந்து நின்று கதிரை காட்டினார். பிறகு அமைதியாக விளக்கினார். உரிமையாளர் மறுத்துக் கையெழுத்திட்டிருக்கிறார், கோப்பு மூடப்பட்டுவிட்டது, அந்தக் காருக்கு வந்த எயார்பாக் வேறு காருக்கு ஒதுக்கப்பட்டுவிட்டது, மீண்டும் திறப்பதென்றால் கொழும்புக்கு எழுத வேண்டும்.

"மறுத்தது அவர், இருக்கிறது நான். என்னை ஆர் கேட்டது?"

"படிவத்தில் உரிமையாளரின் கையொப்பம் மட்டுமே..."

"சேர்." ஸ்டெல்லா கதிரையில் இருக்கவில்லை, நின்றபடியே கேட்டார். "நீங்களும் கார் ஓடுறவர்தானே? உங்கடை இடப்பக்கத்திலை ஆர் இருக்கிறது? அவவைக் கேட்டோ நீங்கள் கையெழுத்து வைக்கிறனீங்கள்?"

நல்லதம்பி சேர் சட்டைப் பைக்குக் கையைக் கொண்டுபோனார். கறுப்புப் பேனையின் மூடியைத் திறந்தார், மூடினார். பிறகு தொலைபேசியை எடுத்துக் கொழும்பைக் கூப்பிட்டார். இரண்டு தடவை 'தயவுசெய்து' சொன்னது கேட்டது. மறுமுனையில் இருந்தவரும் எழுந்து நின்று பொத்தானைப் பூட்டியிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வேறு காருக்கு ஒதுக்கிய எயார்பாக் அன்றைக்கே இவர்களுக்கென்று ஆனது.

வேலையை நானே நின்று செய்வித்தேன். காரை அணைத்துத் திறப்பை உருவி எடுத்தோம். பற்றறியின் மைனஸ் வயரைக் கழற்றிவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். மிச்ச மின்சாரம் இறங்க வேண்டும், பத்து நிமிடமென்றால் பத்து, நல்லதம்பி சேர் மணிக்கூட்டோடு நின்றார். உடம்பில் உள்ள மின்சாரம் போக, காரின் இரும்பைத் தொட்டோம். லாச்சியைக் கழற்றி, உள்ளே கையை விட்டு எயார்பாக்கின் மஞ்சள் நிறச் செருகியை இழுத்தெடுத்தோம். அடி நட்டுகளைக் கழற்றினோம். மிச்சம் இருந்தது மாதாவும் றெசினும். குப்பி பக்கத்தில் இருப்பதால் கிரைண்டர் பிடிக்க முடியாது, சூடு காட்ட முடியாது, தட்டவும் முடியாது. வாள் அலகைக் கையில் பிடித்து மெல்ல மெல்ல அறுக்க வேண்டும். எங்கள் மெக்கானிக் கால் மணித்தியாலம் அறுத்ததில் விளிம்பில் ஒரு கோடு விழுந்தது.

"விடுங்கோ தம்பி, உது உங்களுக்குச் சரிவராது" என்றார் மரியதாசன்.

வாடிக்கையாளர் வேலைத்தலத்துக்குள் வரக்கூடாது என்று பலகை எழுதி மாட்டியவர் நல்லதம்பி சேர். அவரே உள்ளே போய்க் கொம்பனி ஓவரோல் உடுப்பு ஒன்றை எடுத்துவந்து மரியதாசனிடம் நீட்டினார். தான் ஒட்டியதைத் தானே இரண்டு மணித்தியாலம் அறுத்தார் மரியதாசன். எங்கே தடிப்பு, எங்கே மெலிசு என்று அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது. வியர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. ஸ்டெல்லா கார்க் கதவைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். ஐஸ் பெட்டிக்குள் மீன் கெட்டுக்கொண்டிருந்தது. மாதா அடிப் பாகத்தோடு கையில் வந்தபோது மரியதாசன் சொரூபத்தைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். "அந்தக் கடதாசி எனக்கு விளங்கேல்லை ஸ்டெல்லா" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. விளங்காமல் இருக்க வேண்டும் என்று பாடுபட்டவன் நான். எனக்கு வெட்கமாக இருந்தது.

பழைய எயார்பாக்கை முகம் மேலே பார்க்க, உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக் கொண்டுபோய்ப் பெட்டியில் வைத்தோம். இலக்கத்தை மூன்று இடத்தில் எழுதினோம். புதியதைப் பூட்டி, பற்றறியைக் கொடுத்து, திறப்பைத் திருப்பினோம். சிவப்பு விளக்கு எரிந்து, அணைந்தது. எல்லாம் சரி என்று அர்த்தம். ஸ்டெல்லா மாதாவைப் பின்னால் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவில் வைத்து, வலைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். முன்னால் ஏறியிருந்து கதவைச் சாத்தினார். எனக்கு நன்றி சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் எங்கே போய் ஒளித்திருப்பேனோ தெரியாது.

அடுத்த நாள் காலை நான் வேலைக்குப் போனபோது வேலைத்தலத்தில் முதலாவதாக நின்றது நல்லதம்பி சேருடைய கார். அந்தக் காரும் றீகோல் பட்டியலில் இருந்த பழைய கார்தான். ஸ்டியரிங் பக்கத்துச் சாமான்கள் முதலில் வந்தபோது அவர் தன் பக்கத்தை மாற்றிவிட்டார். இடது பக்கத்துச் சாமான்கள் அளவாகத்தான் வந்தன. வாடிக்கையாளருக்குப் பிறகே ஊழியருக்கு என்று ஒரு கொள்கை வகுத்தார். ஞாயிறுதோறும் அந்த இருக்கையில் தேவாலயத்துக்குப் போய்வந்த அவர் மனைவிக்கு, தான் அவ்வளவு உயர்ந்த கொள்கை ஒன்றின் மேல் இருந்து போகிறோம் என்பது தெரியாது.

அவருடைய காருக்குப் பின்னால் வரிசையில் நின்றது என்னுடையது.

அன்று காலை வேலைக்கு வரும் வழியில், மனைவியை அவளுடைய பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட வேண்டியிருந்தது. பாதி வழியில் இடது பக்கத்து எயார்பாக் விடயத்தைச் சொன்னேன். முன்னால் இருந்த டாஷ்போட்டைக் கையால் தொட்டுப் பார்த்தாள்.

"உங்கடை பக்கம் எப்ப மாத்தினது?" என்று கேட்டாள்.

"தையிலை" என்றேன். அப்போது ஆவணி.

"நிப்பாட்டுங்கோ" என்றாள். நிறுத்தினேன். இறங்கிப் பின் கதவைத் திறந்து, பின் சீற்றில் ஏறி இருந்தாள். பள்ளிக்கூட வாசல்வரை கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்காமல் கார் ஓட்டினேன்.